கடிகாரத்தில் கை வைத்ததால் காலத்துக்கு முன் ஓய்வு பெறும் தலைமைக் கணக்கருக்கு

சோப்புக் கிடங்கின் சோர்வறியாச் சுடரே! பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, பாதி வழி போய்த் திரும்பி வந்து, முன்பு இழுத்தது தாம்தானா என்று தம்மையே ஐயுறும் தலைமைக் கணக்கரே! வணக்கம்!

தேநீர்க்காரர் தரும் சில்லறையையும் மேலாளர் தரும் சிரிப்பையும் ஒரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் தங்கள் கண்ணுக்கு அலுவலகத்தின் பழைய கணினி மட்டும் தப்புமா? காலையில் கேட்ட விலைப்பட்டியலைச் சோம்பல் முறித்து மாலையில் திறக்கும் அப்பெட்டியை நோக்கி, “இதுக்கு வயசாகல. வேணும்னே தூங்குது” என்று தீர்ப்புரைத்தீர்கள்.

வந்தார் மெக்கானிக். “பிராசஸரோட கிளாக் ஸ்பீடை ஏத்திட்டா பறக்கும்ணே!”

“கடிகாரத்துல எதுக்குய்யா கை வைக்கிற?” என்று தடுத்தீர்கள் தாங்கள்.

அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். தாங்களோ கழற்றிய திருகாணிகளைக் கைக்குட்டையில் முடிந்து காவல் காத்தீர்கள்.

பறந்தது பெட்டி! தட்டுமுன் கடிதம் நின்றது. தும்முமுன் விடுப்பு விண்ணப்பம் அச்சானது. உள்ளிருந்த நாள்காட்டியும் கூடவே பறந்தது. நமக்கு ஒரு வாரம் நகர்ந்தால் அதற்கு ஒரு காலாண்டு கழிந்தது. இன்னும் ஈராண்டு பணியிருந்த தங்களுக்கு இரண்டே மாதத்தில் ஓய்வு ஆணையைக் கக்கியது!

“என் வயசு எனக்குத் தெரியாதா சார்?”

“தெரியும்ணே. ஆனா அது உங்களைவிட வேகமா எண்ணுதே!” என்றார் மேலாளர்.

கடைக்குட்டி மகளின் படிப்பு முடியும்வரை வேண்டிய சம்பளத்தை ஆணையின் பின்புறத்திலேயே தாங்கள் மூன்று முறை கூட்டிப் பார்த்ததை நாங்கள் கண்டோம். இல்லத்தரசியாரோ, “வீட்டோட இருந்தா இனி என் உப்பு டப்பாவையில்ல சந்தேகப்படுவாரு!” என்று தொலைபேசியில் கலங்கினார்.

எழுதிக் கண்ணாடிச் சட்டமும் போட்ட இம்மடலைக் கழற்றி, இனி வருவதை அவசரமாகச் சேர்க்கிறோம். இன்று காலை தங்கள் வழியனுப்பு விழாவுக்கு நாற்காலிகளை வரிசையிடும்போது பெட்டி மீண்டும் கக்கியது: மேலாளரின் ஓய்வு ஆணை! அதைப் படித்த மேலாளர் முகம் வெளிறி, “மெஷின்னா தப்பே பண்ணாதா? பழைய ஸ்பீடுக்கு இறக்குங்கய்யா!” என்று முழங்கி, இரண்டு ஆணைகளையும் சேர்த்தே கிழித்தார்.

ஐயத்தின் அரசே! திங்கட்கிழமை வழக்கம்போல் வருக! சட்டம் போட்ட மடல் வீணாக வேண்டாம். வீட்டில் ஆணியடித்து, ஆணியை இழுத்துப் பார்த்து மாட்டி, உரிய நாள் வரும்வரை அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்க! பெட்டியின் கணக்கிலன்றி, சுவர்க் கடிகாரத்தின் கணக்கிலேயே நோயின்றி நூறாண்டு வாழ்க!

இங்ஙனம்,
தங்களால் இன்னும் நம்பப்படாத
அலுவலகத்தார்

நாள்: இடம் விட்டிருக்கிறோம், தாங்களே சரிபார்த்து நிரப்புக.