பைகளுக்குக் காவல்

குடும்பத்தோடு கடலுக்குப் போய் வந்தோம் என்று சொல்லும்போது, எல்லோரும் கடலில் நின்றார்கள் என்று எப்படி அவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம்? தொண்ணூறுகளின் ஒரு கோடையில், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த பேருந்தில், என் முன்னிருக்கையில் ஒரு தாயும் மணமான மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள். தாயின் முழங்காலில் கட்டு இருந்தது.

“ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரி போறோம்மா, நீயும் வா.”

“நான் வர்லடி. பசங்கள கூட்டிக்கினு போய்ட்டு வாங்க.”

“ஏன், பாத்த கடல்தானேனு சலிச்சுப் போச்சா?”

“அஞ்சு வாட்டி வந்தேன். ஒரு வாட்டிகூட தண்ணியில கால் வெக்கல.”

“சும்மா சொல்லாதம்மா.”

“செருப்பு, துணிப்பை, புளிசோத்துத் தூக்கு எல்லாத்தையும் யாரு பாத்துக்கினு இருந்தது? உங்கப்பாவா?”

“நீதானே அலைன்னா பயம்னு சொன்னே?”

“அப்படி சொன்னாதானே நீங்க நிம்மதியா போய் ஆடுவீங்க.”

மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் நெருங்கியதும் தாயின் பக்கம் திரும்பினாள்.

“இந்த வாட்டி பையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ தண்ணியில எறங்கு.”

“மணல்ல நடக்க இந்த முட்டி ஒத்துக்காதுடி. பத்து வருசம் முன்ன கேட்டிருந்தா ஓடியே போயிருப்பேன்.”

தாய் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அதுவரை நாங்கள் குடும்பத்தோடு மூன்று முறை மாமல்லபுரம் சென்றிருந்தோம். மூன்று முறையும் என் மனைவி கரையிலேயே இருந்ததை அவளுடைய விருப்பம் என்றே நான் கருதியிருந்தேன். நான்காம் முறை பைகளோடு நான் உட்கார்ந்தேன். அவள் வெகுநேரம் கழித்தே திரும்பி வந்தாள்.