கம்பளிக் குல்லாய்க்காரரின் பத்ரி யாத்திரை

1954 ஜூன் 17, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளியல், பூஜை, இட்டிலி, அலுவலகம். மாலை ஐந்து நாற்பதுக்குச் செங்கல்பட்டில் மகாபலிபுரம் பஸ் ஏறினேன்.

முன் இருக்கையில் பத்ரிநாத் யாத்திரை முடித்துத் திரும்பும் மைத்துனர்கள் இருவர். ஒருவர் அந்தப் புழுக்கத்திலும் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார்.

"மச்சான், நான் சாமியப் பாக்கலன்னு வூட்டுல சொல்லிடப்போறேன்" என்றார் குல்லாய்க்காரர்.

"இன்னாத்துக்கு? பத்து நாளு மலையில நடந்துகினு போனோம். கடைசி ஏத்தத்துல மூச்சு வாங்குதுன்னு சத்திரத்துல குந்திட்ட. அது யாருக்குத் தெரியும்?"

"யாத்திர போன காலுன்னு அண்ணி என் காலக் கழுவி, அந்தத் தண்ணிய தலையில தெளிச்சுக்கும். அதான் பேஜாரா கீது."

"அப்போ எங்கால மட்டும் நீட்டட்டா?"

குல்லாய்க்காரர் சிரிக்கவில்லை. "வெயில் பட்டு பனிமலை பொன்னாட்டம் மின்னிச்சே, அதப் பாத்தேன். அத வேணா சொல்லலாம்."

திருக்கழுக்குன்றத்தில் இருவரும் இறங்கினார்கள். பஸ் நிற்குமிடத்திலேயே நடுத்தர வயது அம்மாள் ஒருவர் செம்புத் தண்ணீரோடு காத்திருந்தார். அவர் குனிந்ததும் குல்லாய்க்காரர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் அண்ணி. நான் கோயில் வரிக்கும் போவல. வழியிலயே குந்திட்டேன்."

அந்த அம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பத்து நாளு நடந்தது இந்தக் காலுதான? நீட்டு."

அவர் நீட்டினார். எங்கள் பஸ் புறப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை மகாபலிபுரத்தில், பல் துலக்கும் முன்பே, கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தேன்.