நாலாவது வரி

மாடியில குடியிருக்கிற லாரிக்காரத் தம்பிதான் எனக்கு மொதல்ல சொன்னது சார், போன செவ்வாக்கிழமை. துணி காயப்போட்டுட்டு இருந்தேன். அம்மா, உங்க பாட்டை இன்னிக்கு வகுப்புல போட்டாங்க, எங்க புரொபசரே அசந்துபோயிட்டாருன்னான். அது நீங்கதானேன்னு கேட்டான். எந்தப் பாட்டுப்பான்னேன். காலையில அடுப்படியில பாடுவீங்களே, அதுதான்னான். கையில இருந்த ஈரத்துணி அப்படியே மண்ணுல விழுந்துச்சு.

இல்ல, நாற்காலி வேணாம். நின்னுக்கிட்டே சொல்லிடுறேன். உக்காந்தா கோவம் போயிடும், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

உங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்க நாலு பேரு என் வீட்டு மாடியில இருக்காங்க. உலகத்துல மனுசங்க எப்படியெல்லாம் பாடுறாங்கன்னு படிக்க வந்திருக்கோம்னாங்க. இதுக்கும் ஒரு படிப்பான்னு சிரிச்சேன். இந்தத் தம்பி அஞ்சு வருசம் லாரி ஓட்டினவன். இன்னொருத்தன் கல்யாண வீடுகள்ல கீபோர்டு வாசிச்சவன், சாப்பிட உக்காந்தா தட்டைத் தட்டாம இருக்க மாட்டான். ஒருத்தி நீதிபதி மக, வெந்நீர் வைக்கவே என்கிட்டதான் கத்துக்கிட்டா. அப்புறம் அந்த நர்சம்மா. பத்து வருசம் ஆஸ்பத்திரியில வேலை பாத்துட்டுப் படிக்க வந்தவ. அவதான் நான் பாடுறதைப் போன்ல பதிவு பண்ணியிருக்கா. மத்த மூணு பேர்ல யார் செஞ்சிருந்தாலும் அறியாப் பிள்ளைன்னு விட்டிருப்பேன். ஒரு ஊசி போடுறதுக்கே திரையை இழுத்துவிட்டுட்டுப் போடுறவ சார் அவ. ஒருத்தி சாமிகிட்ட பேசுறப்ப கதவுக்குப் பின்னால போனை வெக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா?

அனுமதியா? கேட்டாதான். எப்படிக் கேட்டா தெரியுமா? அம்மா, உங்க வீட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் பதிவு பண்ணிக்கட்டுமான்னா. மிக்சி, குழாய், குக்கர் விசிலுன்னு நெனச்சேன். பண்ணிக்கோம்மான்னுட்டேன். நான் வேண்டுறதும் உங்க படிப்புல வீட்டுச் சத்தமா சார்?

அதுலயும் அந்த நாலாவது வரி. வரிக்கு ஒண்ணா நான் பெத்த பிள்ளைங்க பேரைச் சொல்லிப் பாடுவேன். மூணு வரியில மூணு பேரு வந்துடும். நாலாவதுல, பேரு வர்ற இடத்துல, பதினோரு விநாடி சத்தமே இல்லையாம். அதை வெச்சே ரெண்டு மணி நேரம் பேசினீங்களாமே. பழைய தாளக்கணக்குன்னானாம் கீபோர்டுக்காரன். கடவுளுக்குன்னு விட்ட இடம்னு நீதிபதி மக நாலு பக்கம் எழுதியிருக்கா. இப்ப வெள்ளிக்கிழமை உங்க காலேஜ் விழாவுல அதை மேடையில போட்டு, அந்த இடம் வந்ததும் சபையே விரல்விட்டு எண்ணணுமாம். அழைப்பிதழ் வீட்டுக்கே வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் சட்டையைத் தேய்ச்சு மாட்டி வெச்சிட்டாரு. என் பிள்ளைங்க மூணு பேரும் லீவு போட்டுட்டு வர்றாங்க.

பெருமையா? செவ்வாக்கிழமையில இருந்து நான் பாடல சார். அடுப்பைப் பத்தவெச்சதும் வாய் தானா தொறக்கும், அத்தனை வருசப் பழக்கம். இப்ப கதவைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அத்தனை பேரு படிச்சவங்க. ஏம்மா அங்க நிறுத்துறீங்கன்னு ஒருத்தர் வந்து கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன், அது வேற.

தாளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு மூணு பிள்ளைன்னுதான் மாடியில இருக்கிறவங்களுக்குத் தெரியும். மூத்தவ ஒருத்தி இருக்கா. பேச்சைக் கேக்காமப் போனா. செத்தாலும் உன் பேரை இந்த வாயால சொல்ல மாட்டேன்னு வாசல்ல நின்னு சொன்னது நான்தான். அவங்கப்பா வேணாம் வேணாம்னாரு. ஏழு வருசமா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டு வர்றேன். வாய் சொல்லாது. அந்த இடத்துல மனசுக்குள்ள சொல்லிக்குவேன். வீட்டுல யாருக்கும் தெரியாது, அடுப்படிப் பாட்டை யாரு காதுகொடுத்துக் கேக்குறா. வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரர் முன்வரிசையில உக்காந்து கேட்டாருன்னா, அந்தப் பதினோரு விநாடி யாருக்குன்னு அவருக்கு ஒரு விநாடியில தெரிஞ்சுடும்.

தண்ணி வேணாம் சார். நாளைக்குக் காலையில நான் பாடணும். நான் இங்க நிக்கிறப்பவே அந்தப் பதிவை அழிச்சிடுங்க.