உதறாத மடிப்பு

— பூதக்கண்ணாடிய எடுங்க தன்ஜீபாய். சும்மா கண்ணச் சுருக்குனா ஆச்சா?

— இத்தனூண்டு நொறுங்கலுக்கு அது வேறயா? எங்க அள்ளுன, ஹன்சாபென்?

— உங்க பட்டறைக்குப் பின்னால, சாக்கடையில. நாலு வருசமா அந்த மண்ணத்தானே சலிக்கிறேன்.

— குடு... ம். வைரந்தான். மோதிரத்துக்கு ஆகாது. இடிச்சு, எண்ணெயில குழைச்சு, சாணைச் சக்கரத்துல தடவலாம். இல்லேன்னா கண்ணாடி அறுக்குறவன் முனையில பதிச்சுக்குவான். ஒரு தட்டு காண்டியா சேவு, ரெண்டு டீ. அவ்வளவுதான் தேறும்.

— விக்க வரல. நாலு வருசத்துக்கு முந்தி பட்டை தீட்டுறப்போ என் வீட்டுக்காரர் கையிலிருந்து பறந்துச்சே, அந்தக் கல்லோட துண்டு இது.

— கர்சனோட கல்லா? போ ஹன்சாபென், வேலையப் பாரு!

— செவுத்துல மோதி உடைஞ்சிருக்கும். கூட்டுனப்போ சாக்கடைக்குப் போயிருக்கும். முதலாளி சேட்டுகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, கர்சன் எடுக்கலன்னு. இந்த வராச்சா வட்டாரத்துல ஒரு பட்டறையும் அவர உள்ள விடல. பட்டை தீட்டுன கை, வெங்காய மூட்டை தூக்குது.

— அன்னைக்கு நடந்தது எனக்கே இப்ப சரியா ஞாபகமில்ல.

— எனக்கு மனப்பாடம். அவர் தெனம் சொல்றாரே. கல்லு பறந்துச்சு, யாரும் எந்திரிக்கல. சக்கரத்தச் சுத்தி இருந்த நாலு பேரும் சட்டை, பை, கால்சட்டை மடிப்பு, எல்லாத்தையும் வெள்ளைத்துணி மேல உதறுனாங்க. மேனேஜர் நீங்க நின்னு பாத்தீங்க.

— அதான வழக்கம்.

— இன்னைக்கும் வாசல்ல நின்னு சட்டைப்பைய உதறிட்டுத்தான் வீட்டுக்குள்ள வர்றாரு. ஒருவேளை நாமதான் எடுத்துட்டோமோன்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சு.

— அதுக்கு? சாக்கடைக் குப்பையக் கொண்டாந்து இதான்னா, சேட்டு சிரிப்பாரு.

— குப்பைதான். அந்தக் கல்லோட குப்பை.

— இல்லேங்கிறேன்! முப்பது வருசம் கல்லு பாத்த கண்ணு இது. இது மஞ்சளடிக்குது. அது தண்ணி மாதிரி. ஓரத்துல ஒரு கறுப்புப் புள்ளி. கடைசிப் பட்டைய கர்சன் பாதியில விட்ட கோடுகூட அப்படியே இருந்துச்சு. ஒரு முனை நொறுங்கல.

— நொறுங்கலையா? பறந்த கல்லு நொறுங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் தன்ஜீபாய்?

— நேரமாச்சு. நான் கதவப் பூட்டணும்.

— நான் உக்காந்திருக்கேன். மெதுவா சொல்லுங்க.

— மூணாம் நாள் துணி தோய்க்கக் குடுத்தப்போ... என் கால்சட்டை மடிப்புல இருந்துச்சு. அதுக்குள்ள சேட்டு எல்லாப் பட்டறைக்கும் அவன் பேரச் சொல்லிட்டாரு. நான் கொண்டுபோய்க் குடுத்தா என்னைத் திருடன்பாங்க.

— உங்கள யாருமே உதறச் சொல்லலையா?

— மேனேஜர உதறச் சொல்ற வழக்கம் இல்ல, ஹன்சாபென்.

— சரி. எந்திரிங்க. அந்தக் கல்ல எடுத்துக்கிட்டு வாங்க, சேட்டுகிட்ட போவோம்.

— கல்லு இல்ல. பயந்துபோய் இடிச்சுட்டேன். மாவாக்கி, எண்ணெயில குழைச்சு, கர்சன் உக்காந்த சக்கரத்துலயே தடவிட்டேன். ஹன்சாபென்... எங்க போற? சேட்டுகிட்டயா?

— வீட்டுக்கு. கல்லு இல்லாம சேட்டு நம்ப மாட்டாரு. பைய உதற வேண்டாம்னு அவர்கிட்டயாவது சொல்லணும்.