கழுவிக் கொடுத்த பாட்டில்

என் பெயர் ஆக்னஸ். வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் கிறிஸ்துதாஸ். திருநின்றவூரில் ஏரிக்குப் போகிற தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வேதியியலில் எம்.எஸ்சி. படித்திருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்து கம்பெனிகள் கேட்கிற மூலக்கூறுகளைச் சிறிய அளவில் செய்து கொடுப்பது எங்கள் தொழில். வலது கண்ணிலும் வலது கையிலும் கட்டுப் போட்டு மருத்துவமனையில் இருக்கும் நான், நல்ல நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டோரில் வேலை செய்யும் துலுக்கானம் என்பவர் நேற்றிலிருந்து காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பதாகவும், பாட்டிலில் எதையோ கலந்து என் கண்ணைக் கெடுத்ததை அவரே ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் இன்று காலை என் கணவர் சொன்னார். துலுக்கானம் எதையும் கலக்கவில்லை. அதைச் சொல்லத்தான், பேச வேண்டாம் என்று டாக்டர் தடுத்தும் காவல் உதவி ஆய்வாளரை வரச் சொன்னேன்.

என் கையில் வெடித்த பாட்டிலில் இருந்தது ஃபீனைல் ஐசோசயனேட் என்ற திரவம். இதுதான் போபாலில் கசிந்ததா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அது வேறு, இது வேறு. ஆனால் ஒரே குடும்பம். கிட்டே போனால் கண்ணில் நீர் கொட்டும், மூச்சை அடைக்கும். எங்களுக்கு இது அடிக்கடி வேண்டிய சரக்கு. அமீன் என்கிற வகைப் பொருளோடு சேர்த்தால் அடம்பிடிக்காமல் சேர்ந்து, நாங்கள் தேடுகிற யூரியா வகை மூலக்கூறைக் கொடுத்துவிடும். இதற்கு ஆகாத ஒன்று தண்ணீர். தண்ணீர் பட்டால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்பும். திறந்த பாத்திரம் என்றால் நுரைத்துவிட்டுப் போய்விடும். இறுக மூடிய கண்ணாடி பாட்டில் என்றால் குலுக்கிய சோடா பாட்டில் கதைதான்.

இதை வாங்குவது லேசான காரியம் இல்லை. இறக்குமதிச் சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். கூரியர்காரர்கள் தொடவே யோசிப்பார்கள். டீலரைக் கேட்டால் எப்போதும் "நாளைக்கு வந்துரும் மேடம்" என்பார். அதனால் தொழிற்பேட்டையில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரிடம் சரக்கு தீர்ந்தால் பக்கத்து ஆய்வகத்தில் கைமாற்றாக ஒரு பாட்டில் வாங்கிக்கொள்வார், தன் சரக்கு வந்ததும் திருப்பிக் கொடுப்பார். காபிப்பொடி கடன் வாங்குவது மாதிரிதான். விதிப்படி இது தப்பு. மேலாளர்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள்.

போன மாதம் அப்படி என்னிடம் ஒரு பாட்டில் வாங்கிப் போனவள் ஃபெபி. சேக்காட்டில் இருக்கிறாள். இதற்கு முன் ஒரு கம்பெனியில் இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். இப்போது அவள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஆய்வகத்தில் இருக்கிறாள். இவள் பெயரைச் சொல்லாமல் விட முடியுமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். துலுக்கானத்தை வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்டோரில் எனக்கும் துலுக்கானத்துக்கும் வாய்ச்சண்டை நடந்தது. ரசாயன அலமாரியில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை இருந்தது. நான் சுத்தம் பார்க்கிறவள். எனக்கு அங்கே பினாயில் என்று பட்டப்பெயர் இருப்பதும் எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் அவரைக் கேட்டேன். அதன் பிறகு அவர், "எங்க கறை கீது, எங்க கறை கீதுன்னு தேடிக்கினே கீறியே மேடம், அந்தக் கண்ணு ஒருநாள் அவிஞ்சி பூடும் பாரு" என்றார். உடன் வேலை செய்யும் பவ்யாவும் மற்றவர்களும் அதைக் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. நான் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு ஃபெபி வந்து, கைமாற்று வாங்கிய பாட்டிலைத் துலுக்கானத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கொடுத்த அதே பாட்டில்தான், அவளுடைய புதுச் சரக்கை அதில் நிரப்பித் தந்திருந்தாள். அதன் பிறகு துலுக்கானம் அதை ஸ்டோரில் வைத்துப் பூட்டி, புதன்கிழமை காலை என் கையில் கொடுத்தார். "உங்க தோஸ்து குட்த்துச்சி" என்றதோடு சரி. முந்தின நாள் கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

அதன் பிறகு நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், புகை வெளியேற்றும் கூண்டுக்குள் வைத்தேன். நான் கொடுத்தபோது அதன் கழுத்தில் பழுப்பாக வழிந்து காய்ந்த கறை இருந்தது. இப்போது இல்லை. லேபிள் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது, நான் பேனாவில் எழுதிய தேதி கரைந்து போயிருந்தது. எவ்வளவு துப்புரவாகக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுருங்கிய லேபிளைப் படிக்கப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தேன். வலது கையால் மூடியைத் திருப்பத் தொடங்கினேன். மூடி திரும்புவதற்குள் பாட்டில் வெடித்தது. அதன் பிறகு பவ்யா என்னை இழுத்துக்கொண்டு போய்க் கண் கழுவும் குழாயில் முகத்தைப் பிடித்து வைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் பிடித்த பிடியை விடவில்லை. கண்ணுக்குள் கண்ணாடிச் சில்லும் போயிருந்தது. வலது கண்ணில் பார்வை திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்க டாக்டர் தயாராக இல்லை.

நேற்று சாயங்காலம் ஃபெபி ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்து எனக்கு ஊட்டிவிட்டாள். ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதையே அவளும் நம்பியிருந்தாள். "அந்தத் துலுக்கானம்தான் எதையோ கலந்துட்டாராமே அக்கா, பாவி மனுஷன்" என்றாள். எனக்கு லேபிள் ஞாபகம் வந்தது. பாட்டிலைக் கழுவினாயா என்று கேட்டேன்.

"கழுவாம குடுப்பேனா அக்கா? கறையைப் பார்த்தா நீங்க சாமியாடுவீங்களே. காலியானதும் உள்ளயும் வெளியயும் நல்லா அலசி, கவுத்து வெச்சிட்டேன். நம்ம சரக்கு வந்ததும் அதுல ஊத்தினேன்."

அடுத்து, சூடுபெட்டியில் காய வைத்தாயா என்று கேட்டேன். "மழைல கரன்ட் எங்க இருந்துச்சு? அதெல்லாம் தானா காஞ்சிருந்தது அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

ஃபெபியும் வேதியியல் படித்தவள்தான். வேலைக்கு எடுக்கிற குடுவையைச் சூடுபெட்டியில் காய வைக்காமல் இந்தத் திரவத்தை அதில் ஒரு சொட்டு விட மாட்டாள். ஆனால் திருப்பிக் கொடுக்கிற பாட்டில் அவளுக்குக் குடுவை இல்லை, பலகாரம் வந்த அடுத்த வீட்டுச் சம்படம். சம்படத்தைக் கழுவாமல் கொடுக்கக் கூடாது, வெறுமையாகவும் கொடுக்கக் கூடாது என்றுதான் எங்கள் இருவரையும் வளர்த்திருக்கிறார்கள். உடைந்த பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கும். அதைத் தடய ஆய்வுக்கு அனுப்பினால், கழுவிய தண்ணீர் உள்ளே தங்கியிருந்ததற்கு அதுவே சாட்சி சொல்லும்.

அதன் பிறகு, துலுக்கானம் ஒப்புக்கொண்டபோது சொன்ன வார்த்தை என்ன என்று உதவி ஆய்வாளரைக் கேட்டேன். அவர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "நான்தான் சார் செஞ்சேன். என் வாயாலதான் அந்தம்மா கண்ணு பூட்ச்சு." இதைத்தான் ஒப்புதல் என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் பொருளைக் கலந்தாய் என்று அவரைக் கேட்டதற்கு அவர் அழுததாகவும், பதில் சொல்லவில்லை என்றும் உதவி ஆய்வாளர் சொன்னார். இல்லாததை அவர் எப்படிச் சொல்வார்.

சாபத்தால் பாட்டில் வெடிக்காது. துலுக்கானத்தின் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் எங்கள் மேலாளர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். அவரை இவர் நாள் தவறாமல் திட்டுகிறார், அவர் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டுதான் வருகிறார். உதவி ஆய்வாளர் சிரித்துவிட்டு இதை எழுதாமல் விடப் பார்த்தார். எழுதச் சொன்னேன். துலுக்கானத்துக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும். வெள்ளானூரில் அவர் வீட்டில் காத்திருப்பார்கள், இன்று சாயங்காலத்துக்குள் அவரை அனுப்ப வேண்டும்.

ஃபெபி மேல் கோபம் இருக்கிறதா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இருக்கிறது. கண் போன கோபம் எப்படி இல்லாமல் இருக்கும். ஆனால் அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அவள் மேல் எனக்குப் புகார் இல்லை. அதற்கு மேல் சட்டம் என்ன சொல்கிறதோ அதை நான் தடுக்க முடியாது.

இன்றும் அவள் கஞ்சியோடு வந்து வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். நேற்றைய தூக்கைக் கழுவி வைத்திருக்கிறோம், என் கணவர் அதில் நாலு ஆரஞ்சுப் பழம் போட்டிருக்கிறார். உதவி ஆய்வாளர் வெளியே போகும்போது அவளிடம் எதையும் கேட்காமல் முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தூக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, பாட்டில் எதனால் வெடித்தது என்பதை நானே அவளிடம் சொல்கிறேன்.

நான் சொன்னதை உதவி ஆய்வாளர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு கண்ணால் முடிந்த அளவு நானும் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்ததே. வலது கையால் எழுத முடியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
கி. ஆக்னஸ், எம்.எஸ்சி.