டெல்பின் அத்தையின் குடலுக்கு ஒரு கொடையாளர் தேவை

மாலை போட்ட கழுத்தோடு மலர்ந்து அமர்ந்திருக்கும் தலைவர் அல்போன்ஸ் அங்கிள் அவர்களே, முன்வரிசையை முழுவதுமாக முற்றுகையிட்டிருக்கும் பெரியோர்களே, சாந்தோம் திருவிழாவுக்குச் சமைத்துச் சோர்ந்து சாய்ந்திருக்கும் தாய்மார்களே, பிரியாணிக்காகப் பொறுமை காக்கும் பங்கு நண்பர்களே, சான்ட்ராவின் வணக்கம்.

கொடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இரத்தம் கொடுத்தால் கைதட்டுவீர்கள். கண் கொடுத்தால் கண்கலங்குவீர்கள். காலைக் கடனையே கொடையாகக் கொடுத்தால்?

"சாப்பாட்டு நேரத்துல இன்னாடி பேச்சு இது?" காதில் விழுகிறது, லூயிசா ஆன்ட்டி. என் டெல்பின் அத்தை பதினான்கு மாதமாக எந்த நேரத்திலும் சாப்பிட முடியாமல் தவிக்கிறாரே, அதனால்தான் பேசுகிறேன்.

அவரது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கதிர்வீச்சுச் சிகிச்சை விரட்டியது. நோய் போனது, பக்கத்தில் இருந்த குடலும் புண்ணாய்ப் போனது. நாளுக்குப் பதினைந்து முறை போகிறார். இரத்தமும் போகிறது. எடை நாற்பத்தொரு கிலோ. பாடகர் குழுவில் முன்னால் நின்றவர் இன்று பூசைக்கு வந்தால் கதவோரம் நிற்கிறார். ஏன்? பக்தி குறைந்ததா? இல்லை ஐயா, பாத்ரூம் பக்கம்.

நம் குடலுக்குள் கோடானுகோடி நல்ல கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன. அத்தைக்குள் பாதி வீடு காலி. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சோதித்து, வடிகட்டி, குழாய் வழியே உள்ளே சேர்த்தால் புதுக் குடித்தனம் அமையலாம். "ஆராய்ச்சியாத்தான் செய்யறோம், உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர் விசாலாக்ஷி. அத்தைக்கு அந்த 'லாம்' போதும்.

பதினெட்டு வயது முடிந்த நான், 'நானே தருகிறேன்' என்று மார்தட்டிப் போனேன்.

"கடைசியா ஆன்டிபயாட்டிக் எப்போ சாப்பிட்டே?"

"சாப்பிட்டதே இல்ல டாக்டர். போன மாசம் ஜுரத்துக்கு மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை, அவ்ளோதான்."

காலி அட்டைத் துண்டையும் பெருமையாகக் காட்டினேன். அவர் பேனாவை மூடினார். "இதாம்மா அது. நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும். மூணு மாசம் போகணும்."

மூன்று மாதம் தாங்குமா அந்த நாற்பத்தொரு கிலோ? அண்ணன் ஜெஃப்ரி? அதே கடை, அதே மாத்திரை. அப்பா? எங்களுக்கு அந்தக் கடையைக் காட்டியவரே அவர்தான்.

அன்று ஜுரத்தோடு அந்தக் கடையில் நின்று "ரெண்டு குடுங்கண்ணா" என்றேன். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிய அந்த நொடியில் அத்தையின் வாய்ப்பும் வெட்டுப்படும் என்று நான் கண்டேனா? அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆட்டோவில் அத்தை திட்டவில்லை. "விடுடி, உன் ஜுரம் போச்சில்ல" என்றார்.

அவரிடம் கேட்டுத்தான் இங்கே பேசுகிறேன். "என் பேரைச் சொல்லியே கேளு" என்றார். கேட்கிறேன். பொன் வேண்டாம், பொருள் வேண்டாம். தினமும் நீங்கள் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுவதைத் தாருங்கள். டாக்டர் எழுதித் தராத மாத்திரையை இனித் தொடாதீர்கள்.

பின்னால் யார் எழுவது? பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தங்கம் அக்காவா? சொல்லுங்கள்.

"ஒடம்பு காஞ்சா எனக்குக் கஞ்சிதான் பாப்பா. மாத்திரைன்னாலே ஆவாது. என்னுது எடுத்துப்பாங்களா?"

சோதனைதான் சொல்லணும், அக்கா. ஒருவர் தேறாவிட்டால் இன்னொருவர் வேண்டும். என் கையிலிருக்கும் இந்த நோட்டில் முதல் பெயர் உங்களுடையது. இரண்டாம் வரி காலியாக இருக்கிறது.

செவி கொடுத்தவர்களுக்கு நன்றி. வயிறு கொடுக்கப் போகிறவர்களுக்கு வணக்கம்.