பதிமூன்றாம் அறைக்காரர்

இரவு பத்தே முக்கால். கிடங்குகளுக்கு நடுவே போகும் நீளமான சாலை... இரண்டு பக்கமும் பூட்டிய ஷட்டர்கள். ஒரு நாய்கூட இல்லை. அதில் தனியாக வந்துகொண்டிருந்தவர் நம் கூட்டத்தில் ஒருவனுக்குச் சித்தப்பா. யாருக்கு என்று கேட்காதீர்கள்.

ஒரு தங்கும் விடுதியில் பழுது பார்ப்பது அவர் வேலை. குழாய், தாழ்ப்பாள், பல்பு. அன்று மட்டும் வினோதமான வேலை. அறைக் கதவுகளில் இருந்த எண்களைக் கழற்றச் சொல்லிவிட்டார் முதலாளி.

“பதிமூணுன்னாலே பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பிடறான். நாலு ஒரு நாட்டுக்காரனுக்கு ஆகாது, பதினேழு இன்னொருத்தனுக்கு ஆகாது. எல்லாத்தையும் கழட்டு.”

“எட்டு, முதலாளி?”

“எட்டு எனக்கே ஆகாது. அதையும் சேர்த்துக் கழட்டு.”

“இப்படியே போனா வாசல்ல ‘ரூமே இல்லை’ன்னு போர்டு மாட்டிரலாம்!”

சிரித்துக்கொண்டேதான் கழற்றினார். சாவிகளில் இருந்த எண்களையும் அழிக்க, அந்த அறைகளின் சாவிகளை எடுக்கப் போனபோது பதிமூன்றின் கொக்கி மட்டும் காலியாக இருந்தது.

“அதுவா?” என்றாள் வரவேற்பு மேசைப் பெண். “நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் எடுத்துட்டுப் போனாராம். திரும்பி வரவே இல்ல. அவரோட பெட்டி இன்னும் கீழேதான் கிடக்கு.”

மற்ற எண்கள் குப்பைக்குப் போயின. பதிமூன்றை மட்டும் சித்தப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நல்ல கனமான பித்தளை. விடிந்தால் மகளுக்குப் பதிமூன்று வயது. அவள் அறைக் கதவில் மாட்டினால் எவ்வளவு அழகாக இருக்கும்!

வேலை முடிந்து வீடு திரும்பும்போது, அந்தச் சாலையின் பாதியில் பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... டக்...

அது அவருக்கு அத்துப்படி. விடுதிச் சாவி ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகல மரக்கட்டை தொங்கும். நடக்கும்போது சாவியும் கட்டையும் மோதும் சத்தம். நின்றார்... அதுவும் நின்றது. திரும்பினார். யாரும் இல்லை. ஈரத் துண்டின் வாடை மட்டும், மலிவான சோப்பு வாசனையோடு. பிறகு காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல வீடு வந்து சேர்ந்தார்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு திருகாணி. வேலை முடிந்தது.

“விடிஞ்சு மாட்டக்கூடாதா?” என்றார் சித்தி. “அர்த்த ராத்திரியில ஸ்க்ரூடிரைவரும் கையுமா!”

இரண்டு மணி இருக்கும். பூட்டில் சாவி திரும்பியது. க்ளிக்.

மகளின் அறைக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

ஓடினார். கதவு ‘ஆ’வென்று திறந்து கிடந்தது. அவள் போர்வைக்குள் புரண்டாள். மூச்சு சீராக இருந்தது. அதே சோப்பு வாசனை. எண்ணைக் கழற்றினார். தெருமுனை வரை ஓடி, கால்வாயில் வீசினார். தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது.

திரும்பி வந்தால், மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா... நம்பரை ஏன் எடுத்தீங்க? அந்த மாமா குளிக்கப் போயிருக்காரு. வந்தா எந்த ரூம்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் அப்போதுதான் நின்றது.

பிறகு தட்டல். சமையலறைக் கதவில் இரண்டு. அலமாரிக் கதவில் இரண்டு. கோபமாக அல்ல... மரியாதையாக, அறை மாறிவிட்டதோ என்று சந்தேகப்படும் விருந்தாளி தட்டுவதுபோல. மறுநாளும் தட்டியது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு இரவும் மகளின் கதவில் மட்டும் கூடுதல் நேரம். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. நான்காம் இரவு தூக்கக் கலக்கத்தில் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.

“இருங்க மாமா... வர்றேன்.”

சித்தப்பா பாய்ந்துபோய் அவளைத் தூக்கிச் சித்தியிடம் கொடுத்தார். “ரெண்டு பேரும் இங்கேயே படுங்க. எது கேட்டாலும் வெளியே வராதீங்க.”

“நீங்க எங்கே போறீங்க?”

ஒரு சாக்கட்டி எடுத்தார். தன் அறைக் கதவில் பெரிதாக எழுதினார்: 13. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதோடு தட்டல் நின்றது.

மகள் இப்போது இடி விழுந்தாலும் எழாமல் தூங்குகிறாள். சித்தியும் அவள் அறையோடு இருந்துவிட்டார். சித்தப்பா மட்டும் தன் அறையில். படுக்கும்முன், விடுதி வழக்கப்படி, கட்டிலின் கால்மாட்டில் இரண்டு துண்டுகளை மடித்து வைப்பார். விடியுமுன் குளித்துவிட்டு அவர் தொடுவது ஒன்றைத்தான்.

விடியும்போது இரண்டுமே ஈரமாக இருக்கும்.